படலை இல்லாத வீடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. தம் பள்ளியில் படித்த இலங்கை அகதிகள் முகாம் பிள்ளைகளுக்கு ஓய்வுபெற்ற பின்னும் மாலை வேளைகளில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். தம் சேமிப்பை இந்தக் கல்லூரிக்குக் கொடுத்தபோது ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாராம்: ஆண்டுக்கு ஒரு பேச்சாவது அந்தப் பிள்ளைகள் வாழும் இடத்தைப் பற்றி இருக்க வேண்டும் என்று. நான் கட்டடப் பொறியாளன். முகாம்களுக்கு வீடு அளக்கப் போனவன். அளந்தபோது கற்றுக்கொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் நாளே ஒரு பிழை செய்தேன். ஒரு வீட்டுக்குள் கேட்காமலே நுழைந்துவிட்டேன். நுழைந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை; பாதையிலிருந்து ஓர் எட்டு வைத்தால் அடுப்பு, அடுத்த எட்டில் பாய். அளவு நாடாவின் ஒரு முனையை உதவியாளர் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு நான் எதிர்ச்சுவர் வரை போய்விட்டேன். பத்தடி. அகலம் பார்த்தோம். அதுவும் பத்தடி. மூலையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா மன்னார்ப் பக்கத்தவர். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"தம்பி, வீடெண்டால் வளவு இருக்கும், படலை இருக்கும். இது நாங்கள் படுக்கிற இடம். இதை என்னத்துக்கு அளக்கிறியள்?"

வளவு என்றால் வீட்டைச் சுற்றி வேலியடைத்த மனை. படலை, அந்த வேலியில் வைத்த கதவு. உள்ளே முற்றம், பிறகு விறாந்தை என்னும் தாழ்வாரம், ஒதுக்குப்புறமாகக் குசினி என்னும் சமையற்கட்டு. மீன் விற்பவர் படலையோடு நின்றுவிடுவார். அயலவர் முற்றம் வரை வந்து பேசிவிட்டுப் போவார். விருந்தாளிக்கு விறாந்தை. குசினி வரை போவது உரிமையுள்ள உறவினர் மட்டும். ஊரில் யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை அந்த வீடே சொல்லிவிடும். பத்துக்குப் பத்து அறையில் அந்தப் படிகள் ஏதுமில்லை. உறவினர், அயலவர், அதிகாரி, நாடாவோடு வந்த நான், எல்லோரும் ஒரே எட்டில் அடுப்படிக்கு வந்துவிடுகிறோம். முகாமில் மக்கள் சேர்ந்து வாழ்வதில்லை, எப்போதும் சண்டை என்று சலித்துக்கொள்ளும் அதிகாரிகளைச் சந்தித்திருக்கிறேன். விலகி நிற்க ஓர் அடி இடம் இல்லாதவர்கள் எப்படி நெருங்கி வாழ்வார்கள்?

1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு இவர்கள் இலங்கையிலிருந்து அலை அலையாக வந்தார்கள். மன்னார்க் கரையிலிருந்து படகேறி, தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, அடுத்து யார் வந்து அழைத்துப்போவார்கள் என்று தெரியாமல் நின்றவர்கள் உண்டு. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் ஒரு பகுதியினர் திரும்பினர். 1990-இல் மீண்டும் போர், மீண்டும் படகு. 1996-இல் ஒரு முறை, 2006-இல் ஒரு முறை. 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டப்பேரவையில் தந்த கணக்கின்படி, 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே பதிவு செய்து 34,087 பேரும் வாழ்ந்தார்கள்.

வந்தவர்கள் முதலில் கால் வைத்த மண்டபம் முகாம் இவர்களுக்காக அமைந்ததன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்க வெள்ளையர் காலத்தில் உண்டான இடம் அது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தாயகம் திரும்பியவர்களும் அந்த வழியாக வந்தார்கள். இன்று முகாம்களில் இருப்போரில் கணிசமானவர்கள் அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள். 1977-இலும் 1983-இலும் நடந்த வன்செயல்களுக்கு அஞ்சி மலையை விட்டு வன்னிக்குப் போய், அங்கேயும் போர் துரத்தப் படகேறியவர்கள். பாட்டன் கப்பலுக்குக் காத்திருந்த அதே வளாகத்தில் பேரன் அகதியாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

எல்லாத் துன்பமும் ஒரு சொல்லில் தொடங்குகிறது: தற்காலிகம். ஆறு மாதத்துக்கு என்று போட்ட தார்ச்சீட்டுக் கூரை. போர் ஓய்ந்ததும் போய்விடுவார்கள் என்று வெறும் மண்ணில் எழுப்பிய அரைச்செங்கல் சுவர். சில இடங்களில் பழைய கிடங்குகளைத் திறந்துவிட்டார்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சேலைதான் சுவர். அந்த நாளில் அவசரமாக இடம் கொடுத்த கைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கரையேறும்போது கிடங்கும் கோயில் மண்டபமும்தான் கைக்கு எட்டும். ஆனால் ஆறு மாதம் முப்பது ஆண்டானபோதும் அந்தச் சொல்லை யாரும் அழிக்கவில்லை. கூரை ஒழுகுகிறது என்று மனுக் கொடுத்தால், தற்காலிகக் குடியிருப்புக்கு நிரந்தரச் செலவு செய்ய விதி இல்லை என்று கோப்பு திரும்பும்.

பேரிடர் உதவிக்கு உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல் ஒன்று உண்டு. 1997-இல் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஸ்பியர் முயற்சி தந்தது. கூரைக்குக் கீழே ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 38 சதுர அடி. நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 250 பேருக்கு ஒரு குழாய். இது பேரிடரில் உயிர் பிழைத்து வந்தவர்களுக்கான குறைந்தபட்ச அளவு என்பதை மாணவர்கள் மனத்தில் வையுங்கள். 100 சதுர அடியில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 20 சதுர அடி. பேரிடர் நேரத்துக்கே குறைந்தது வேண்டும் என்று உலகம் சொன்ன அளவின் ஏறத்தாழப் பாதியில் ஒரு தலைமுறை பிறந்து, பூப்பெய்தி, மணமுடித்து, பிள்ளை பெற்றிருக்கிறது.

கழிப்பறையைப் பற்றி மேடையில் பேசக் கூச்சப்படுகிறோம். எனக்கு இன்று அந்தக் கூச்சம் வேண்டாம். முகாம் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு பெண்ணிடம், இரவில் எத்தனை மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறீர்கள் என்று கேளுங்கள். முகாமின் ஓரத்தில், முள்காட்டை ஒட்டி, வரிசையாகப் பத்துக் கழிப்பறைகள் கட்டியிருப்பார்கள். கட்டியது உண்மை, திறப்பு விழாக் கல்வெட்டும் இருக்கும். தண்ணீர் இருக்காது. விளக்கு எரியாது. இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போயிருக்கும். எல்லோருக்கும் பொது என்பதால் கழுவ ஒருவரும் பொறுப்பில்லை. ஆகவே பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, மூன்று பேராகச் சேர்ந்து போவார்கள். சிறுநீர்த் தொற்று அங்கே வீட்டுக்கு வீடு.

ஒரு முகாமில் அங்குள்ள பெண்கள் குழுவே வழி கண்டுபிடித்தது. பத்துக் கழிப்பறைகளையும் பொதுவாக வைத்துக்கொள்ளாமல் நான்கு குடும்பத்துக்கு ஒன்று என்று பிரித்துப் பூட்டுப் போட்டார்கள். நான்கு சாவி. அவ்வளவுதான். புதிதாக ஒரு செங்கல் வைக்கவில்லை. ஒரு மாதத்தில் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது, வாளி வந்தது, ஒரு குடும்பம் சுண்ணாம்பும் அடித்தது. எந்த நான்கு குடும்பம் சேர்வது என்பதை அவர்களே பேசி முடிவு செய்ததுதான் அதன் உயிர். பட்டியலை அதிகாரி எழுதியிருந்தால் முதல் வாரமே சண்டை வந்திருக்கும். யாருக்கு யாரோடு ஒத்துப்போகும் என்பது குழாயடியில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரிசை வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை எழும்பாது. ஏழடியில் நின்றுவிடும், மேலே முழு வரிசைக்கும் ஒரே வெளி. காசும் செங்கல்லும் மிச்சம். அந்த வெளியின் வழியே இருமல் போகும், அழுகை போகும், வசவு போகும், புதுமணத் தம்பதியரின் பேச்சும் போகும். பத்தாம் வகுப்புப் பிள்ளை படிப்பது மூன்று வீட்டுத் தொலைக்காட்சிகளின் நடுவே. ஒரு வரிசைக்கு நடுச்சுவர்களைக் கூரை வரை உயர்த்த எவ்வளவு ஆகும் என்று நான் மதிப்பீடு போட்டுக் காட்டியபோது, அது முன்னுரிமைப் பட்டியலில் இல்லை என்றார்கள். முகாம் மக்களிடம் கேட்டிருந்தால் அதுதான் முதல் வரியாக இருந்திருக்கும்.

இட நெருக்கடியைவிட ஆழமாக உறைவது நேரத்தின் நெருக்கடி. முகாம் வாழ்க்கையின் நடு நரம்பு 'செக்கிங்'. குறித்த நாளில் வருவாய்த் துறை அலுவலர் வருவார். குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரும் நேரில் நின்று முகம் காட்ட வேண்டும். வராதவருக்குப் பணக்கொடை நிற்கும். தொடர்ந்து வராவிட்டால் 'பதிவு வெட்டு'. பதிவு போனால் உதவித்தொகை போகும், அரிசி போகும், அடையாளமே போகும். முகாம் ஆண்களில் மிகப் பலர் பெயிண்ட் வேலைக்காரர்கள். கோயம்புத்தூரிலோ கேரளத்திலோ பத்து நாள் வேலை கிடைத்தால், நடுவில் ஒரு செக்கிங் வந்து நிற்கும். மேஸ்திரி எத்தனை முறை பொறுப்பார்? பிள்ளைக்குத் தொலைவான ஊரில் நல்ல கல்லூரி கிடைத்தாலும் இதே கணக்கு. 1991-க்குப் பிறகு இந்தக் கண்காணிப்பு இறுகியது; தொண்டு நிறுவனங்கள் உள்ளே வரத் தடை, கல்லூரிச் சேர்க்கைச் சலுகைக்கு முற்றுப்புள்ளி என்று சில ஆண்டுகள் கடுமையாகவே கழிந்தன. 1996-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. இன்றைய நிலை அந்த நாளைவிட நல்லது. ஆயினும் கட்டடப் பொறியாளனாக ஒன்று சொல்வேன். அனுமதி கேட்டு வெளியே போக வேண்டிய இடத்தில் எத்தனை டன் சிமெண்ட் கொட்டினாலும் அது முகாமாகத்தான் இருக்கும்.

இதன் கொடிய வடிவத்தைக் கடலுக்கு அப்பால் கண்டோம். 2009-இல் போர் முடிந்தபோது வவுனியாவின் செட்டிகுளம் அருகே மெனிக் பாமில் முள்கம்பிக்குள் அடைக்கப்பட்டவர்கள் லட்சக்கணக்கில். வலயங்களுக்கு ராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசாமி என்று தமிழ்ப் பெரியோர் பெயர்கள். ஒரே குடும்பத்தினர் ஆளுக்கொரு வலயத்தில் சிக்கிக் கம்பியோரம் நின்று ஒருவரை ஒருவர் தேடினார்கள். கடைசிக் குடும்பம் வெளியேறி அது மூடப்பட்டது 2012 செப்டம்பரில்.

இத்தனைக்கும் நடுவே நம் முகாம்களில் மக்கள் ஊரை உண்டாக்கிக்கொண்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி பொய் சொன்னவனாவேன். ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமிலிருந்தே இளைஞர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து அதே முகாமில் வேலை செய்யவைத்தது. மாலை வகுப்பு நடத்தியது முகாமில் படித்த பெண். சத்துணவு பற்றிச் சொன்னதும் முகாமில் வாழ்ந்த தாய். பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று பெறுவதற்காக அவர்கள் அலைந்த அலைச்சல் பெரிது. பிறப்பைப் பதியாவிட்டால் அந்தப் பிள்ளை இரு நாட்டுக்கும் இல்லாத பிள்ளையாகிவிடும் என்று அவர்களுக்குத்தான் முதலில் புரிந்தது. வெளியிலிருந்து வந்து உதவி செய்து படமெடுத்துப் போன பலரின் வேலை தடமின்றி மறைந்திருக்கிறது. உள்ளிருந்து எழுந்தது இன்னும் நிற்கிறது.

நான் பார்த்த முகாம்களில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலாவது ஒரு மாதா கெபியாவது இல்லாத முகாம் இல்லை. முதலில் கட்டியது அதைத்தான். திருவிழாவுக்கு வரி பிரிப்பார்கள். அந்த வரிக் கணக்கு நோட்டுத்தான் பல முகாம்களின் முதல் நிர்வாகப் பதிவேடு. அதிலிருந்தே தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒரு நிர்வாகம் உருவாகி, தண்ணீர் லாரி வராத நாளில் யார் போய்ப் பேசுவது என்பது வரை வளர்ந்திருக்கிறது. ஒரு மரணம் நடந்தால், முதல் சில ஆண்டுகளில், எங்கே புதைப்பது என்ற கேள்வியே பெரும் துயரம். பக்கத்து ஊர்ச் சுடுகாட்டில் இடம் கேட்டுப் போனவர்களும், யோசித்துவிட்டு இடம் கொடுத்தவர்களும் பிறகு ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போனார்கள். ஊரும் முகாமும் கலந்தது அப்படித்தான். முகாமுக்கு என்று தனிக் குழாய், தனி அங்கன்வாடி கட்டும்போது ஊர் மனம் சுருங்கும். ஊருக்கும் முகாமுக்கும் நடுவில் இருவரும் எடுக்கும்படி ஒரு தொட்டி கட்டினால் அங்கே பேச்சு வளரும். நீர்த்தொட்டியை எங்கே வைப்பது என்பது குழாயின் நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யும் விஷயமில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

2021 ஆகஸ்டில் ஒரு பெரிய திருப்பம் வந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேரவையில் 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்தை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதன் மையம். குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. பெயர் மாறினால் கூரை ஒழுகாமல் இருக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. பள்ளியில் 'அகதிப் பிள்ளை' என்று கூப்பிடப்பட்ட ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள் என்பதே என் பதில். வேலூர் மாவட்டம் மேல்மொணவூரில் 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2023 செப்டம்பரில் அங்கிருந்தே பல மாவட்டங்களுக்கான 1,591 வீடுகளைத் திறந்துவைத்தார்கள். ஏறத்தாழ 300 சதுர அடி, கான்கிரீட் கூரை, தனிச் சமையலறை, வீட்டோடு கழிப்பறை. ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு 60 சதுர அடி. இதை மனமாரப் பாராட்டுகிறேன். வீட்டுக்குள் கழிப்பறை வந்த அன்று ஒரு பெண் தம் வாழ்நாளில் எத்தனை மணி நேரத்தைத் திரும்பப் பெறுகிறார் என்று கணக்குப் போட எந்தப் பொறியியல் புத்தகத்திலும் சூத்திரம் இல்லை.

என்றாலும் வரைபடத்தைப் பார்க்கும்போது எனக்கு உறுத்தல். எல்லா முகாமுக்கும் ஏறக்குறைய ஒரே வரைபடம். நாளை மணமாகும் மகனுக்கு எங்கே இடம்? வீட்டின் எந்தப் பக்கம் ஓர் அறை சேர்க்கலாம் என்று அடித்தளத்திலேயே விட்டுவைத்தோமா? ஜோர்டானில் சிரிய அகதிகளுக்காக 2012-இல் திறந்த சாத்தரி முகாமை நினைத்துக்கொள்கிறேன். வரிசையாக வைத்த கேரவன் வீடுகளை மக்கள் இரவோடு இரவாக நகர்த்தி, உறவுக்காரர் வீடுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும்படி நடுவில் முற்றம் அமைத்துக்கொண்டார்கள். பொதுச் சமையற்கூடங்களையும் பொதுக் கழிப்பறைகளையும் பிரித்து, அந்தப் பொருளிலேயே தம் வீட்டோரம் தனியாகக் கட்டிக்கொண்டார்கள். முதலில் அதைத் திருட்டு, ஒழுங்கீனம் என்றார்கள். உண்மையில் அது மக்களே வரைந்து கொடுத்த வரைபடம். அந்தச் சிரிய மக்களுக்கு வேண்டியிருந்ததும் மன்னார் அம்மா சொன்னதும் ஒன்றுதான்.

நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 1961-இல் அன்றைய மைசூர் மாநிலம் பைலகுப்பேயில் திபெத்தியர்களுக்கு ஏறத்தாழ 3,000 ஏக்கரைக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டை வெட்டி, மக்காச்சோளம் போட்டு, கூட்டுறவுச் சங்கம் வைத்து, மடங்களும் பள்ளிகளும் கட்டிக்கொண்டார்கள். அவர்களும் நாடற்றவர்களே, ஆனால் காலூன்றி நிற்க மண் இருந்தது. நம் முகாம்களில் வீடு உண்டு, பட்டா இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2003-இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தின்படி, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் அது நடைமுறைக்கு வந்த பின் இங்கே பிறந்த பிள்ளைக்கும் பிறப்புவழிக் குடியுரிமை இல்லை. 2019 திருத்தம் குடியுரிமைக்கு வழிவிட்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனை விதிகளிலிருந்து விலக்கு அளித்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. அது ஒரு கதவைத் திறந்திருக்கிறது. வாசல் இன்னும் தொலைவில். வாக்கு இல்லாதவர், தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் கேட்பார்? திரும்பிப்போக விரும்புகிறவர் போகட்டும். அவருக்கு அங்கே நிலம் கிடைக்க நாம் குரல் கொடுப்போம். இங்கேயே இருக்க விரும்புகிறவருக்கு இது ஊராக வேண்டும். எதுவென்று முடிவு செய்யும் உரிமை அவருடையது.

இங்கே கட்டடவியல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். நாளை உங்களில் யாராவது அரசு வேலைக்குப் போய் இப்படிப்பட்ட இடத்துக்கு வரைபடம் போடுவீர்கள். மேசையில் உட்காருமுன் ஒரு முழு நாள் குழாயடியில் நில்லுங்கள். அதிகாலை நான்கு மணிக்கு ஒரு முறை, இரவு பத்து மணிக்கு ஒரு முறை முகாமைச் சுற்றி வாருங்கள். கூட்டம் போட்டு முகாம் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பெண்களிடம் பெண்கள் கேட்க வேண்டும், பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் அந்த மன்னார் அம்மாவின் முகாமுக்குப் போயிருந்தேன். அவர் இப்போது இல்லை. புது வீடு அவர் பேத்திக்கு வந்திருக்கிறது. அந்தப் பெண் இங்கேயே பிறந்தவர். வெளியில் 'வாங்க' என்றும் வீட்டுக்குள் 'வாங்கோ' என்றும் பேசுகிறவர். வீட்டுக்கு முன்னால் நாலடி நிலம் மிச்சம். அதில் ஒரு முருங்கைப் போத்து நட்டு, கம்பு ஊன்றி வேலி கட்டியிருந்தார். வேலியின் நடுவே, பழைய வீட்டுக் கூரையிலிருந்து எடுத்த தகரத்தை மூங்கிலில் ஆணியடித்து ஒரு படலை. அரசு வரைபடத்தில் அது இல்லை. கையில் இருந்த நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு படலையடியில் நின்றேன். அவர் உள்ளே ஏதோ வேலையாக இருந்தார். எட்டிப் பார்த்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "உள்ளுக்கு வாங்கோ" என்று சொல்லும்வரை வெளியிலேயே நின்றேன்.